நீலகேசி என்று பெயரிடலாமா?

வாசகர் குடும்பம் ஒன்றிலிருந்து அண்மையில் நமக்கு ஒரு மடல் வந்தது. அவர்கள் இல்லத்தில் பெண்மகவு பிறந்துள்ளது. தாயார் தமிழிலக்கியம் பயின்றவர். மகளுக்கு நீலகேசி என்று பெயரிட விழைகிறார். தந்தையார்க்கும் உடன்பாடே. ஆனால் குழந்தையின் பாட்டியார், "பேயின் பெயரையா தொட்டிலில் இடுவது?" என்று கண் கலங்கினாராம். தத்துவார்த்த சூத்திரம் கற்றவரான பெரியப்பாவோ, "நீல லேசியை தீய லேசியை மூன்றனுள் ஒன்றாயிற்றே" என்று வேறொரு தடை எழுப்பினாராம். பெயர் சூட்டும் நாள் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. அதுவரை குழந்தைக்குப் 'பாப்பா' என்பதே பெயர். நாம் சொல்லும் முடிவை ஏற்பதாக இரு தரப்பினரும் எழுதியிருப்பதால், கடமையை உணர்ந்து இதனை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சொற்பொருள். நீலம் என்னும் சொல் நீல நிறத்தையும் கருமையையும் ஒருங்கே குறிக்கும். கேசம் கூந்தல். நீலகேசி என்றால் கருங்கூந்தலை உடையவள் என்பதே பொருள். வடமொழியில் உடலுறுப்பின் பெயரை ஈற்றிலே கொண்டு வரும் பெண்பாற் பெயர்கள் இவ்வாறு ஈகாரத்தில் முடிதல் உண்டு. தமிழில் அது குறுகி இகரமாயிற்று. கேசி என்பதைத் தனியே ஆண்பாற் பெயராகக் கொள்வதும் உண்டு. பார்சுவநாதர் மரபில் வந்த கேசி முனிவர் கௌதமருடன் உரையாடிய செய்தியைச் சுவேதாம்பரரின் உத்தராத்தியயனத்தில் காணலாம். நம் பெயரோ ஐயத்துக்கு இடமின்றிப் பெண்பாற் பெயர். நான்கே எழுத்து, இரண்டு நெடில், இரண்டு குறில், நாவுக்கு இனியது. பொருளளவில் இதில் குறை காண எவருக்கும் இடமில்லை. குறையெல்லாம் கதையால் வந்தது.

பாட்டியாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது, அது முறையன்று. தொண்டை நாட்டில் பிறந்த எவருக்கும் பழையனூர் நீலியின் கதை தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாக அது வழங்குகிறது. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க, நீலி பேயாய்த் தொடர்ந்தாள். அவன் மறுபிறப்பில் வணிகனாகி அவ்வழியே வந்தபோது, அவன் மனைவி போல உருக்கொண்டு, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி, ஊர் வேளாளர் எழுபதின்மர் முன்னிலையில் கண்ணீர் விட்டு வழக்குரைத்தாள். வணிகன் அஞ்சினான். அவன் உயிருக்கு ஊறு நேர்ந்தால் தாமும் உயிர் விடுவதாக எழுபதின்மரும் வாக்களித்து, அவனை அவளோடு தங்கச் செய்தனர். இரவில் அவன் மாண்டான். வாக்குத் தவறாத எழுபதின்மரும் தீப்புகுந்தனர். ஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதையைச் சுட்டுவதால், கி.பி. 7ஆம் நூற்றாண்டிலேயே இது நாடறிந்த கதையாயிருந்தமை தெளிவு. 'நீலிக்கண்ணீர்' என்னும் வழக்கு இதிலிருந்து பிறந்ததே. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் இதே கதை இசக்கியம்மன் கதையோடு கலந்து வில்லுப்பாட்டாக ஒலிக்கிறது. இசக்கி என்பது இயக்கி என்னும் சொல்லின் திரிபு என்பதை நம்மவர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, பாட்டியார் கேட்கும் கேள்வி நியாயமானது. வஞ்சகக் கண்ணீருக்கே பெயர்பெற்ற ஒருத்தியின் பெயரை ஒரு பச்சிளங் குழந்தைக்கு ஏன் இட வேண்டும்?

இதற்கு விடை நம் முன்னோர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியவில்லை; நூல் மட்டும் நம்மிடம் உள்ளது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, நீலகேசித் தெருட்டு என்றும் வழங்கும். பத்துச் சருக்கங்களும் 894 செய்யுட்களும் கொண்டது, கி.பி. 10ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. அந்த ஆசிரியர் செய்த துணிவான செயல், ஊர் அஞ்சிய பழையனூர்ப் பேயையே தம் காப்பியத் தலைவியாகத் தேர்ந்தமை. அரசகுமாரியரையும் வணிகர் மகளிரையும் விட்டு, பேய் ஒன்றைத் தேர்ந்தார்.

பாஞ்சால நாட்டில் புண்டரவருத்தனம் என்னும் நகர். அதன் புறத்தே பலாலயம் என்னும் சுடுகாடு. அங்கே ஒரு காளி கோயில். அச்சுடுகாட்டில் முனிச்சந்திரர் என்னும் நம் முனிவர் தவத்தில் இருந்தார். அரசிக்கு மகப்பேறு வாய்த்தமைக்கு நன்றிக்கடனாக, ஆடுகளைப் பலியிட மக்கள் அங்கே வந்தனர். முனிவர் அவர்களைத் தடுத்து, உயிருள்ள ஆட்டைக் கொல்வதால் வரும் தீவினையை விளக்கி, மண்ணால் ஆடு செய்து கோயிலில் வைத்து வணங்குமாறு அறிவுறுத்தினார். மக்களும் அவ்வாறே செய்து மீண்டனர்.

ஈண்டு ஓர் ஐயம் எழக்கூடும். யசோதர காவியத்தில் மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டமைக்கே யசோதரனும் அவன் தாயும் பல பிறவிகளில் விலங்காய் உழன்றனரே, மண் ஆடு மட்டும் எவ்வாறு குற்றமற்றதாகும் என்று வினவலாம். வேறுபாடு கருத்தில் உள்ளது. அங்கே மாக்கோழி கொல்லும் எண்ணத்தோடு வெட்டப்பட்டது. இங்கே மண் ஆடு வெட்டப்படாமல் காணிக்கையாக வைக்கப்பட்டது. எண்ணத்தால் நிகழும் கொலையும் கொலையே என்பதை நம் இல்லங்களில் குழந்தைகளுக்குச் சொல்லும்போது, இவ்விரு காப்பியங்களையும் அடுத்தடுத்துச் சொல்லலாம்.

பலி நின்றதால் காளி சினந்தாள். தன்னால் முனிவரை அகற்ற இயலாதெனக் கண்டு, தென்னாட்டுப் பழையனூரிலிருந்து நீலகேசியைத் துணைக்கு அழைத்தாள். வந்தவள் பேயுருக்களைக் காட்டி வெருட்டினாள், முனிவர் அசையவில்லை. அழகிய அரசகுமாரியின் உருவெடுத்து மயக்கப் பார்த்தாள். முனிவர் அவள் யார் என்பதை அறிந்துகொண்டார். அறிந்தவர் சபிக்கவில்லை, விரட்டவும் இல்லை, அறம் உரைத்தார். தோற்றவள் அவரையே ஆசானாகக் கொண்டாள். முதற் சருக்கத்துக்குத் தருமவுரைச் சருக்கம் என்று பெயர் வந்தது இதனாலேயே. கற்பித்ததற்குக் கைம்மாறு யாதென அவள் கேட்க, இவ்வறத்தைப் பிறர்க்கும் எடுத்துரைப்பதே கைம்மாறு என்கிறார் முனிவர்.

பழையனூர்க் கதையில் எழுபது பேரைத் தன் சொல்லால் நம்பவைத்து உயிர் வாங்கியவள் நீலி. அதே சொல்வன்மையை இக்காப்பியம் அறத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. எஞ்சிய ஒன்பது சருக்கங்களிலும் அவள் நகர்தோறும் சென்று வாதிடுகிறாள். பௌத்தத் துறவி குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர் ஆகியோரோடும், பின்னர் ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதநெறி, பூதவாதம் என்னும் கொள்கைகளை உடையோரோடும் வாதம் நடக்கிறது. எங்கும் பொய்க்கண்ணீர் இல்லை. அளவையும் ஏதுவுமே அவள் படைக்கலம். ஆசீவகர் கொள்கையை அறியத் தமிழில் எஞ்சியுள்ள சில சான்றுகளுள் இந்நூல் ஒன்று, ஏ. எல். பாஷாம் 1951இல் வெளியிட்ட ஆசீவக வரலாற்று நூலில் மணிமேகலை, சிவஞான சித்தியார் ஆகியவற்றோடு இதனையும் பயன்படுத்தியுள்ளார். இழந்துபோன குண்டலகேசிக் காப்பியத்தின் செய்யுட் குறிப்புகள் பலவும் இந்நூலின் உரைவழியே நமக்குக் கிடைத்துள்ளன. எதிர்வாதியின் நூலை எதிர்ப்பு நூலே காத்துத் தந்தது என்பது வியப்புக்குரியதே.

பேய் எவ்வாறு அறவோள் ஆகலாம் என்று பிற சமயத்தார் வினவலாம். நாம் வினவ வேண்டியதில்லை. நம் ஆகமப்படி பிசாசர் என்போர் வியந்தர தேவருள் எட்டாம் வகையினர். கின்னரர், கிம்புருடர், மகோரகர், காந்தருவர், யட்சர், ராட்சதர், பூதர், பிசாசர் என்று தத்துவார்த்த சூத்திரம் அவர்களை எண்ணுகிறது. பேய் என்பது ஒரு பிறவி, என்றுமுள்ள இழிவன்று. தேவ கதியினர்க்கு விரதம் ஏற்கும் தகுதி இல்லை. நற்காட்சி பெறும் தகுதி உண்டு. சிலர் நீலகேசியைத் துறவி என்றே எழுதிவிடுகின்றனர். நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. அவள் பெற்றது மும்மணிகளுள் முதலாவதான நற்காட்சி. அந்த ஒன்றைப் பெறுதற்கு அவள் எத்துணைத் தொலைவு கடந்து வந்தாள் என்பதே காப்பியத்தின் உயிர். பாட்டியார் அஞ்சும் பேய் முதற் சருக்கத்திலேயே மறைந்துவிடுகிறது.

இனி, நீலி என்னும் பெயரே இழிவானது என்ற எண்ணத்தையும் சற்று ஆராய்வோம். நம் நூல்களில் வரும் நீலியர் வேறு. சிலப்பதிகாரத்தின் கட்டுரைக் காதையில், கோவலன் முற்பிறவியில் பரதன் என்பவனாய் இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பொய்கூறிக் கொல்வித்த செய்தி வருகிறது. அச்சங்கமனின் மனைவி பெயர் நீலி. பதினான்கு நாள் அழுது அலைந்து, மலையேறி உயிர் விட்டவள் அவள். அவள் கண்ணீர் நீலிக்கண்ணீர் ஆனால், கண்ணகியின் கண்ணீரும் அதுவே ஆகும்.

மற்றொரு நீலி இன்னும் நெருக்கமானவள். ஆயினும் நம்மவர் பலர் மறந்துவிட்டனர். ஆசாரிய சமந்தபத்திரர் இயற்றிய ரத்னகரண்டக சிராவகாசாரத்தில், ஐந்து அணுவிரதங்களைக் காத்துச் சிறப்புப் பெற்றோர் ஐவர் பெயர் சொல்லப்படுகிறது: கொல்லாமைக்கு மாதங்கன், வாய்மைக்குத் தனதேவன், கள்ளாமைக்கு வாரிசேணன், கற்புக்கு நீலி, பொருள் வரைதலுக்கு ஜயன். நம் அருங்கலச் செப்புக்கு மூலமாய் அமைந்த நூல் இது. அவள் கதையை உரையாசிரியர் பிரபாசந்திரர் விரித்துரைக்கிறார். லாட நாட்டுப் பிருகுகச்சத்தில், அதாவது இன்றைய பரூச்சில், ஜினதத்தன் என்னும் வணிகன் மகள் நீலி. பௌத்தக் குடும்பத்தவனான சாகரதத்தன், சமணன் போல் நடித்து அவளை மணந்தான். மணமான பின் அக்குடும்பம் பழைய நெறிக்கே திரும்பியது. நீலி தன் நெறியில் நின்றாள். புகுந்த வீட்டார் அவள் கற்பின்மேல் பழி சுமத்தினர். அவள் ஜினாலயத்தில் காயோத்சர்க்கமாய் நின்றாள். நகரின் வாயிற் கதவுகள் திறவாது மூடிக்கொண்டன; கற்புடையாள் கால் பட்டாலன்றித் திறவா என்று அரசனுக்குக் கனவு தோன்றியது. பலரும் முயன்று தோற்றபின், நீலியின் கால் பட்டதும் அவை திறந்தன.

ஆக, ஊர்வழக்கில் வஞ்சகத்துக்கு எடுத்துக்காட்டான அதே பெயர், சிராவகர் கையேட்டில் கற்புக்கு எடுத்துக்காட்டு! நாம் எந்த நீலியை நம் வீட்டில் பேசுகிறோம் என்பது நம் கையில்தான் உள்ளது. ஆதிநாத பகவான் அவையில் ஆடும்போதே ஆயுள் முடிந்து, அவர்க்கு வைராக்கியம் பிறக்கக் காரணமாயிருந்த நடனமாது நீலாஞ்சனையையும் இவ்வரிசையில் நினைக்கலாம்.

பெரியப்பாவின் தடைக்கு விடை சுருக்கமானது. கிருஷ்ணம், நீலம், கபோதம் என்னும் மூன்றும் தீய லேசியைகள் என்பது உண்மை. ஆனால் நீலகேசி என்பதில் நீலம் கூந்தலுக்கு அடைமொழி, உள்ளத்துக்கன்று. நிறத்தின் பெயரே தீதாகுமெனின், நேமிநாத பகவானின் திருமேனி வண்ணத்தை என்னென்று சொல்வது? ஜம்பூத்வீபத்தின் ஆறு குலமலைகளுள் நான்காவதற்கு நீலம் என்றே பெயர். அதன் உச்சியில் கேசரி என்னும் பொய்கை. அங்கே உறைபவள் கீர்த்தி தேவி. தத்துவார்த்த சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தைப் பெரியப்பா மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. லேசியை வரும் நான்காம் அத்தியாயத்தோடு அவர் நின்றுவிட்டார் போலும்.

கேசி என்னும் ஈற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீலகேசி, குண்டலகேசி, பிங்கலகேசி, அஞ்சனகேசி, காலகேசி என்று கேசிப் பெயர் கொண்ட நூல்கள் சில இருந்தமை யாப்பருங்கல விருத்தியால் தெரிகிறது. குண்டலகேசி என்பதற்குச் சுருண்ட கூந்தலாள் என்று பொருள். பௌத்தர் சொல்லும் கதைப்படி, பத்தா என்பவள் முதலில் நிகண்டரிடம் துறவு பூண்டாள்; கேசலோசம் செய்தபின் மயிர் சுருண்டு முளைத்தமையால் அப்பெயர் பெற்றாள். நம் துறவையே தன் பெயரில் தாங்கியவள் நம்மை எதிர்த்து வாதிட்டாள் என்பது கதை. அவளுக்கு எதிராக நம் கவிஞர் நிறுத்தியவள் நீலகேசி. சுருள் கூந்தலுக்கு விடை கருங்கூந்தல்.

இத்துணைச் சிறப்புடைய பெயர் ஏன் வழக்கில் இல்லை? வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் நாம் பழகிய இல்லங்களில் பத்மாவதி, அம்பிகா, மருதேவி, பிராமி, சுந்தரி, சந்தனா, அனந்தமதி எல்லாரும் உண்டு. நீலகேசி என்பவரை நாம் ஒருவரையும் சந்தித்ததில்லை. இதற்கு நீலிக்கதை ஒரு காரணம். நூல் நீண்டகாலம் ஏட்டிலேயே இருந்தமை மற்றொரு காரணம். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். கண்ணகி, மணிமேகலை என்பன தமிழ்நாடெங்கும் பெண்களின் பெயராய்ப் பரவியது அதன் பின்னரே. நீலகேசியோ, சமய திவாகரம் என்னும் வாமன முனிவர் உரையோடு, பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் முயற்சியால் 1936இல்தான் அச்சேறியது. மேருமந்தர புராணம் இயற்றிய வாமன முனிவரே இவ்வுரையாசிரியர் என்பது அறிஞர் பலர் முடிபு. பின்னர்ப் பொ.வே. சோமசுந்தரனார் உரையுடனும் வெளிவந்தது. எனினும் இது தருக்க நூல். கதை முதற் சருக்கத்தோடு பெரும்பாலும் முடிந்து, மேலே வாதமே விரிவதால், மேடையில் பெரிதும் இடம் பெறவில்லை. பேசப்படாத நூலின் பெயர் தொட்டிலுக்கு வருவது எப்படி? மணிமேகலை என்று பெயரிடும்போது அவள் பௌத்தத் துறவி என்று எவரும் தயங்குவதில்லை. நம் காப்பியத் தலைவியின் பெயரைச் சொல்ல நாமே தயங்குகிறோம். இது நமக்குச் சற்று வருத்தமாகவே உள்ளது.

இனிப் பெயர் சூட்டும் முறை. ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் கூறும் கர்ப்பான்வயக் கிரியைகளுள் ஏழாவது நாமகர்மம். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் கழிந்தபின், பெற்றோர்க்கும் மகவுக்கும் ஏற்ற நாளில் இதனைச் செய்ய வேண்டும். குடி விளங்கச் செய்யும் நல்ல பெயராக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஜினபகவானின் 1008 திருநாமங்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றை எடுத்து இடும் முறையும் அங்கே கூறப்பட்டுள்ளது. அஃது ஒரு முறையே. பிற நற்பெயர்களை அது விலக்கவில்லை. விலக்கியிருப்பின், சீவகன் என்றும் அனந்தமதி என்றும் நம் முன்னோர் பெயரிட்டிருக்க மாட்டார்கள். ஆகவே நீலகேசி என்று பெயரிடுதற்கு நூலளவில் எத்தடையும் இல்லை என்பது நம் முடிவு.

வழக்களவில் ஒரு தொல்லை உண்டு. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. பள்ளியில் பிள்ளைகள் எப்பெயரையும் சுருக்குவர். நீலகேசியை 'நீலி' என்று சுருக்கி, எவரேனும் நீலிக்கண்ணீர் என்று நகையாடும் நாள் வரத்தான் செய்யும். அந்நாள் வருமுன், பரூச் நகர் நீலியின் கதையைக் குழந்தை தன் வீட்டிலேயே கேட்டிருக்க வேண்டும். அதுவும் பாட்டியார் வாயால் கேட்டிருந்தால் மிக நன்று. வீட்டில் நீலா என்று அழைத்தல் ஒரு வழி. பதிவேட்டில் முழுப்பெயரே இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது முதலில் எவ்வாறு எழுதுகிறீர்களோ அவ்வாறே எங்கும் எழுதுக.

பெயர் சூட்டும் நாளன்று, ஜினாலய வழிபாடு முடிந்தபின், தருமவுரைச் சருக்கத்தில் முனிச்சந்திரரும் நீலகேசியும் சந்திக்கும் பகுதியை உரையோடு உரக்கப் படிக்குமாறு அக்குடும்பத்தார்க்கு எழுதியுள்ளோம். பாட்டியார் அருகில் அமர்ந்து கேட்கட்டும். அதன் பின்னும் அவர் மனம் ஒப்பாவிடில், பெரியவர் மனத்தை நோகச் செய்து பெயரிட வேண்டா. நீலாஞ்சனை என்றோ நீலாவதி என்றோ இட்டுக்கொள்ளலாம். எப்பெயர் சூட்டப்பட்டது என்பதை அவர்கள் தெரிவித்ததும், அடுத்த இதழில் வெளியிடுவோம்.